'ரெகாட்டா' தெரியாதவர் என்ன செய்வார்? எஸ்.ஏ.டி. சொற்கேள்விகளின் கதை

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு முதன்முதலில் நடந்தது 1926 ஜூன் 23-ல். தயாரித்த குழுவுக்குத் தலைவர் பிரின்ஸ்டன் உளவியலாளர் கார்ல் பிரிகாம். 97 நிமிடத்தில் 315 கேள்விகள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு கேள்விக்கு இருபது விநாடிகூட இல்லை!

எதிர்ச்சொல், ஒப்புமை எல்லாம் தனிச்சொற்களாகவே பல காலம் வந்தன. தெரிந்தால் மார்க், தெரியாவிட்டால் போச்சு. பிற்காலத்தில் வந்த ஒரு ஒப்புமைக் கேள்வி ரொம்பப் பிரபலம். ஓட்டக்காரருக்கு மாரத்தான் என்றால், துடுப்பு போடுபவருக்கு? விடை 'ரெகாட்டா', அதாவது படகுப்போட்டி. வசதியான வீட்டுப் பையன் பார்த்திருப்பான். மற்றவர்கள்? இது அறிவைச் சோதிக்கிறதா, வீட்டு வசதியையா என்ற கேள்வி வலுத்தது.

1994-ல் எதிர்ச்சொல் போனது. 2005-ல் ஒப்புமை போனது. 2016 முதல், பத்திக்குள் ஒரு சொல் என்ன பொருளில் வருகிறது என்றுதான் கேட்டார்கள். ஜி.ஆர்.இ.யும் 2011-ல் எதிர்ச்சொல்லையும் ஒப்புமையையும் கைவிட்டது. நான் பி.இ. படித்த காலத்தில், அமெரிக்கா போக நினைத்தவர்கள் பாரன்ஸ் புத்தகத்தின் 3500 சொல் பட்டியலோடு அலைந்தது ஞாபகம் வருகிறது.

கேள்வி மாறியதால் உத்தியும் மாற வேண்டும். 'சாங்ஷன்' என்ற சொல்லையே எடுங்கள். பேங்கில் லோன் சாங்ஷன் ஆனால் சந்தோஷம். ஒரு நாட்டின் மீது சாங்ஷன் விதித்தால் அது தடை. ஒரே சொல், நேரெதிர்ப் பொருள். நமக்கு முதலில் தோன்றும் பொருள்தான் பெரும்பாலும் பொறி. அதனால் விடைகளை முதலில் பார்க்காதீர்கள். அந்தச் சொல்லை மூடிவிட்டு, முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைப் படியுங்கள். 'ஆனால்', 'அதனால்' போன்ற இணைப்புகளைக் கவனியுங்கள். அந்த இடத்தில் உங்கள் சொல் ஒன்றைப் போடுங்கள். பிறகு அதற்கு நெருங்கிய விடையைத் தேர்ந்து, வாக்கியத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். அரை நிமிட வேலை.

இதனால் தேர்வு முழுக்க நியாயமாகிவிட்டதா? இல்லை என்பதே என் எண்ணம். சூழலைப் பிடிக்கவும் சுற்றியுள்ள சொற்கள் தெரிய வேண்டுமே. பட்டியலை மூன்று மாதத்தில் உருப்போடலாம். வாசிப்புப் பழக்கம் அப்படி வராது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. 'ரெகாட்டா' கேள்வியில் துப்பு வீட்டில் இருந்தது. இப்போது தாளிலேயே இருக்கிறது.