பாரெட்டியின் கத்தி

1769 அக்டோபர் 20 அன்று லண்டன் ஓல்ட் பெய்லி கோர்ட்டில் நடந்த ஒரு கொலை வழக்கு, சாட்சிகளின் வரிசைக்காகவே இலக்கிய சரித்திரத்தில் இடம் பெற்றுவிட்டது. ஸாமுவேல் ஜான்ஸன், எட்மண்ட் பர்க், நடிகர் டேவிட் காரிக், ஓவியர் ரெனால்ட்ஸ், ஆலிவர் கோல்ட்ஸ்மித் – அந்த நூற்றாண்டின் ஆங்கிலப் பாடப்புத்தகமே எழுந்து வந்து சாட்சிக் கூண்டில் ஏறி இறங்கியது போலிருக்கிறது. இந்தப் பெயர்களின் வெளிச்சத்தில் வழக்கின் மையப் பொருள் மங்கிப்போய்விட்டது. அது பழம் நறுக்கும் ஒரு சின்னக் கத்தி.

குற்றவாளிக் கூண்டில் நின்ற கியூஸெப்பெ பாரெட்டி (1719–89) டூரினில் பிறந்தவர். லண்டனில் குடியேறி, 1760இல் ஆங்கில–இத்தாலிய அகராதி ஒன்றை வெளியிட்டார். பிறகு இத்தாலி திரும்பி, வெனிஸில் 'இலக்கியச் சாட்டை' என்று பொருள்படும் ஒரு பத்திரிகையை நடத்தினார். அதற்கென்று அவர் வைத்துக்கொண்ட புனைபெயரில் 'மாடு வெட்டுகிறவன்' என்ற அர்த்தம் ஒளிந்திருக்கிறது. பெயருக்கு ஏற்பவே வெட்டினார். 1763இல் துவங்கிய பத்திரிகை வெனிஸ் அரசின் தடையைச் சந்தித்து 1765இல் முடிந்தது. (சிறுபத்திரிகையின் ஆயுள் எந்த தேசத்திலும் ஏறக்குறைய இவ்வளவுதான் போலும்.) 1766இல் மறுபடி லண்டன். 1769இல் ராயல் அகாடமியின் வெளிநாட்டுக் கடிதத் தொடர்புக்கு அவர் காரியதரிசி.

அக்டோபர் 6ஆம் தேதி பகல் முழுவதும் வீட்டில் உட்கார்ந்து அகராதியின் மறுபதிப்பைத் திருத்திக்கொண்டிருந்ததாக அவர் கோர்ட்டில் சொன்னார். இரவு ஹேமார்க்கெட் தெரு வழியாகத் திரும்புகையில், தெருவில் நின்ற பெண்கள் இருவரில் ஒருத்தி அவருடைய மர்ம ஸ்தானத்தில் கைவைத்து வலிக்கச் செய்தாள். பாரெட்டி கையை ஓங்கினார். அடி விழுந்தது, அவளுடைய சாட்சியத்தின்படி, பக்கத்தில் நின்ற மற்றவளின் மேல். கூச்சல் எழுந்தது. அவரைப் பிரெஞ்சுக்காரன் என்று சொல்லித் திட்டினார்கள். மூன்று ஆண்கள் வந்து சூழ்ந்துகொண்டு தள்ளினார்கள், அடித்தார்கள். பாரெட்டி ஓடினார்; துரத்தினார்கள். ஓடுகிற வழியில் கத்தியை உருவிக் குத்தினார். இருவர் மேல் பட்டது. அதில் எவன் மார்கன் என்பவர் பிறகு இறந்துபோனார். பாரெட்டி ஒரு கடைக்குள் நுழைந்து, போலீஸ் காவலர் வந்ததும் சரணடைந்தார்.

அன்றைய சட்டம் அவருக்குச் சாதகமானதல்ல. ஆயுதம் உருவாத, முதலில் அடிக்காத ஒருவனைக் கத்தியால் குத்திக் கொன்றால் தூக்கு என்ற 1604ஆம் வருஷத்துச் சட்டம் அப்போதும் அமலில் இருந்தது, 1828இல்தான் ரத்தாயிற்று. பிளாக்ஸ்டனின் சட்ட வியாக்கியானத்தின் நான்காம் பாகம் வெளியானதும் இதே 1769இல்தான். திடீர்க் கைகலப்பில் தற்காப்பாகக் கொன்றேன் என்பவன், பின்வாங்க முடிந்தவரை பின்வாங்கினான், வேறு வழியே இருக்கவில்லை என்று காட்டியாக வேண்டும் என்கிறார் அவர். ஆகவே கேட்கவேண்டிய கேள்விகள் தெளிவானவை: எவ்வளவு தூரம் ஓடினார்? எத்தனை பேர் துரத்தினார்கள்? எந்தக் கணத்தில் கத்தி வெளியே வந்தது?

கேட்டார்கள். ஆனால் சாட்சியங்களில் பெரிய மனிதர்களின் நேரம் வேறொரு கேள்விக்குச் செலவாயிற்று. கத்தி ஏன் அவர் பையில் இருந்தது? ஐரோப்பியக் கண்டத்தில் சாப்பாட்டு மேஜையில் கத்தி வைக்கிற வழக்கமில்லை, பெண்கள்கூடத் தம்முடையதைக் கொண்டுபோகிறார்கள், தன்னுடையது பழத்துக்கும் இனிப்புக்குமானது, மனிதர்களுக்கானதல்ல என்றார் பாரெட்டி. காரிக் அதை உறுதிப்படுத்தினார். தன் மனைவியிடமும் ஒன்று உண்டு, பிரயாணத்தில் அது இல்லாவிட்டால் சாப்பாடே கிடையாது என்றார். ஜான்ஸனிடம் பார்வை பற்றிக் கேட்டார்கள். இப்போது அவருக்கு என்னைத் தெரியாது, எனக்கும் அவரைத் தெரியாது என்ற பொருளில் பதில் சொன்னார். அன்று விசாரணைக்கு நேரடியாக உதவிய பதில் இதுதான் என்று நான் நினைக்கிறேன். இருட்டில், அரைக் குருடரை, அடித்துக்கொண்டே துரத்துகிறார்கள். துரத்துகிறவன் கையில் என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பாதி ஜூரிகள் வெளிநாட்டவராக இருக்கவேண்டும் என்று கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது. வேண்டாம் என்றார். தற்காப்பு என்று சொல்லி விடுதலை செய்தார்கள்.

இந்தத் தீர்ப்பு சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது சரியாவதற்குப் பழமும் இத்தாலிய விடுதிகளும் தேவையே இல்லை. பையில் இருந்தது கட்டாரியாகவே இருந்தாலும், ஓடினார், துரத்தினார்கள், வேறு வழியில்லை என்பது போதும். வேறு வழி இருந்திருந்தால் பழக்கத்தி என்பதால் குத்து நியாயமாகிவிடாது. வழக்கிலோ, தற்காப்பு என்ற வாதத்தைக் காப்பாற்ற, கத்தி தற்காப்புக்காக வைத்திருந்ததல்ல என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. பயந்து வைத்திருந்தேன் என்று ஒருவன் சொல்லிவிட்டால், கொல்லத் தயாராகவே வந்தவன் என்று அதைத் திருப்பிவிடலாம். பழம் நறுக்க என்று சொல்ல, அதை நம்பத் தகுந்ததாக்க, ஒரு காரிக் வேண்டும். மார்கனின் பையில் அதே அளவில் ஒரு கத்தி இருந்திருந்தால் பழத்தைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அவருடைய சுபாவத்துக்குச் சாட்சி சொல்ல எந்த அகராதி ஆசிரியரும் வரவில்லை.

இங்கிலாந்தில் இந்த முரண் தீரவில்லை. 1953ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பவன் தகுந்த காரணம் காட்டவேண்டும். பொதுவான பயம் காரணமாகாது, கண்ணெதிரே நிற்கும் குறிப்பான ஆபத்து வேண்டும் என்று கோர்ட்டுகள் அதற்கு வியாக்கியானம் செய்தன. 1988ஆம் வருஷத்துச் சட்டம் மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்திக்கு மட்டும் விலக்களித்தது. பாரெட்டி இன்று அதே தெருவில் மடங்காத கத்தியோடு நடந்தால், குத்துவதற்கு முன்பே பதில் சொல்லவேண்டியிருக்கும்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பாஸ்வெல் எழுதிய ஜான்ஸன் சரிதத்தைப் பற்றி 1831இல் கட்டுரை எழுதிய மெக்காலேயின் தலைமையில்தான் 1837இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் நகல் தயாராயிற்று. அதன் குறிப்புகளில், இந்த தேசத்து ஜனங்கள் மிதமிஞ்சி அடங்கிப்போகிறார்கள், தற்காப்பு உரிமைக்குத் தளைகளைக் கூட்டுவதைவிடத் துணிச்சலை வளர்ப்பதே நல்லது என்ற எண்ணம் வெளிப்படையாக இருக்கிறது. 1860இல் சட்டமானபோது 96 முதல் 106 வரையான பிரிவுகள், பிளாக்ஸ்டன் கேட்ட பின்வாங்கலை வற்புறுத்தாமலே அந்த உரிமையைத் தந்தன. 18 வருஷம் கழித்து லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. ஆயுதத்துக்கு லைசென்ஸ் வேண்டும் என்றது. ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது. ஒரு கை கொடுத்ததை மறு கை எடுத்துக்கொண்டது. தற்காப்புப் பிரிவுகள் 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 34 முதல் 44 வரை எண் மாறி நிற்கின்றன.

விடுதலைக்கு முந்தின நாள் ஜான்ஸன், பாரெட்டி தூக்கிலேறினாலும் நண்பர்கள் யாரும் பலகாரத்தில் ஒரு துண்டு குறைத்துச் சாப்பிடப்போவதில்லை என்ற பொருளில் பாஸ்வெல்லிடம் பேசினார். மறுநாள் போய்ச் சாட்சியும் சொன்னார். நான்கு வருஷம் கழித்து ரெனால்ட்ஸ் பாரெட்டியை வரைந்தார். படத்தில் அவர் ஒரு சின்னப் புத்தகத்தை மூக்குக்கு நேராக, கண்ணில் ஒட்டிவிடுகிறாற்போலப் பிடித்துப் படித்துக்கொண்டிருக்கிறார்.