குளோக்கன்ஸ்பீலும் மானாமதுரைக் கடமும்

குளோக்கன்ஸ்பீல் என்பது ஜெர்மன் சொல். 'குளோக்க' என்றால் மணி. 'ஸ்பீல்' என்றால் விளையாட்டு, வாசிப்பு. பெயருக்கேற்ப முதலில் இது சிறு மணிகளின் வரிசையாகவே இருந்தது. பின்னர் மணிகளின் இடத்தில் எஃகுப் பட்டைகள் வந்தன. பெயர் மட்டும் மாறவில்லை. மோசார்ட் 1791இல் அரங்கேற்றிய 'மாயப் புல்லாங்குழல்' இசைநாடகத்தில் பறவை பிடிப்பவனின் மந்திர மணிகளாக ஒலிப்பது இதன் விசைப்பலகை வடிவம். சைலபோனுடன் இதைக் குழப்பிக்கொள்வோர் உண்டு. சைலபோனுக்கு மரப்பட்டை, இதற்கு உலோகப்பட்டை.

இத்தகைய கருவிகளைச் சுருதியுள்ள தாளக்கருவிகள் என்பர். பட்டையின் முனையைத் தேய்த்தால் சுருதி ஏறும். நடுவில் அடிப்புறத்தைச் சுரண்டினால் இறங்கும். தவறினாலும் திருத்த வழியுண்டு.

மண்ணில் அந்த வசதி இல்லை. கமுதியும் மானாமதுரையும் 1985 வரை ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவை. பிரிவினைக்குப் பின் மானாமதுரை சிவகங்கைப் பக்கம் சேர்ந்தது. வைகைக் கரையிலுள்ள இவ்வூரில் செய்யப்படும் கடம் கனமானது, சுவர் தடித்தது. தட்டினால் உலோகம் போலக் கணீரென்று ஒலிக்கும். ஒவ்வொரு கடத்துக்கும் ஒரே ஆதார சுருதி. சக்கரத்தில் வனைந்த பானையை, உள்ளே கல்லை அணைத்து வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை ஒரே சீராக்குவர். காயும்போதும் சூளையில் வேகும்போதும் மண் சுருங்கும். ஆகவே ஈர மண்ணிலேயே வெந்தபின் வரும் சுருதியைக் கணிக்க வேண்டும். வெந்த கடத்தில் களிமண் அப்பிச் சிறிதளவே மாற்றலாம். கணக்குத் தப்பியது வெறும் பானைதான்.

கச்சேரி அழைப்பிதழில் வாசிப்பவர் பெயர் இருக்கும். சுருதி வைத்த குயவர் பெயர் இருக்காது. விக்கு விநாயகராம் கடத்தை உலக மேடைகளுக்குக் கொண்டுசென்றார். அவருடைய மாணவி சுகன்யா ராம்கோபால் வெவ்வேறு சுருதிக் கடங்களை வரிசையாக வைத்து 'கடதரங்கம்' அமைத்தார். மணிகளை வரிசைப்படுத்திய ஜெர்மானியர் செய்ததும் ஏறக்குறைய இதே வேலைதான். அத்தகைய வரிசைக்கு ஒவ்வொரு கடமும் குறித்த சுருதியில் கிடைத்தாக வேண்டும். அந்தப் பொறுப்பு மீண்டும் குயவரிடமே வந்து சேர்கிறது. கடம் செய்யும் மானாமதுரை மீனாட்சிக்கு 2013ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது. மானாமதுரை மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடு 2023இல்தான் வந்தது.