வல்லம் வடகாலுக்கு வந்து சேர்ந்த மஞ்சு

1978 தீபாவளியை ஒட்டி, அக்டோபர் 30ஆம் தேதி 'அவள் அப்படித்தான்' வெளியானது. கமல்ஹாசன், ரஜினிகாந்த், ஸ்ரீப்ரியா மூவரும் நடித்த படம், இளையராஜா இசை. இதே மூவரும் அதே ஆண்டு ஜூன் மாதம் ஸ்ரீதரின் 'இளமை ஊஞ்சலாடுகிறது' படத்தில் வண்ணத்தில் வந்து கொட்டகைகளை நிரப்பியிருந்தார்கள். அந்த நினைப்போடு டிக்கெட் எடுத்து உள்ளே போனவர்களுக்குத் திரையில் கிடைத்தது கறுப்பு வெள்ளை. தயங்கித் தயங்கிப் பேசும் கமல். பெண்களை மட்டமாகப் பேசுவதை மறைத்துக்கொள்ளாத ரஜினி. யாருடைய அனுதாபத்தையும் கேட்காத ஸ்ரீப்ரியா. படம் ஓடவில்லை.

அன்றைக்குக் கூட்டத்தை ஈர்த்த எத்தனையோ படங்களை இன்று யாரும் தேடுவதில்லை. இந்தப் படமோ சென்னையில் கிளம்பி, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்து, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் வேலை முடிந்து வரும் பெண்களின் கைபேசிவரை வந்துவிட்டது. அதற்கு விளம்பரம் செய்தவர் யாருமில்லை. ஒருவர் இன்னொருவரிடம் "பாருங்கள்" என்று சொல்லிச் சொல்லியே அது இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

படத்தை இயக்கிய சி. ருத்ரய்யா சென்னைத் திரைப்படக் கல்லூரியில் படித்தவர். முதலில் அவர் எடுக்க விரும்பியது தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' நாவலை. அது கைகூடவில்லை. அந்த ஏமாற்றத்திலிருந்துதான் இந்தப் படம் பிறந்தது. அனந்துவும், பின்னாளில் கே. ராஜேஷ்வர் என்று அறியப்பட்ட சோமசுந்தரேஸ்வரும் எழுத்தில் துணை நின்றார்கள். அப்போதுதான் 'கடல்புரத்தில்' நாவலை எழுதியிருந்த வண்ணநிலவனும் அந்தக் குழுவில் இருந்தார். நாவல் வாசிப்பவர்களும் நாவல் எழுதுகிறவர்களும் சேர்ந்து உருவாக்கிய படம் என்பது அதன் ஒவ்வொரு உரையாடலிலும் தெரியும்.

ஒளிப்பதிவு செய்த நல்லுசாமியும் ஞானசேகரனும் திரைப்படக் கல்லூரியில் பயின்றவர்களே. ரஜினி அந்த ஓர் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ இருபது படங்களில் நடித்தார். கமலும் அதற்குச் சளைத்தவரில்லை. அவர்களுடைய நாட்களில் கிடைத்த இடைவெளிகளில் படப்பிடிப்பு நடந்தது. பெரிய செட் இல்லை, வெளிச்சம் குறைவு. முகத்தில் பாதி இருட்டில் இருக்கும், மீதிப் பாதி பேசும். அந்த ஒளிப்பதிவுக்குத் தமிழக அரசின் விருது கிடைத்தது. சிறந்த படத்துக்கான இரண்டாம் பரிசையும் அரசு அந்த ஆண்டு இதற்கே கொடுத்தது.

கதை என்று சொன்னால் இரண்டு வரிதான். பெண்களின் நிலை பற்றி ஆவணப்படம் எடுக்க அருண் (கமல்) சென்னைக்கு வருகிறான். நண்பன் தியாகுவின் (ரஜினி) விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கும் மஞ்சு (ஸ்ரீப்ரியா) அவனுக்கு உதவியாக வருகிறாள். ஊரெல்லாம் போய்ப் பெண்களைப் பேட்டி எடுக்கும் அருணுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருத்தியைப் புரிந்துகொள்ள முடியவில்லை. மஞ்சு ஏற்கெனவே அடிபட்டவள். அவளைக் காதலித்தவன், வீட்டார் முன்னால் மாட்டிக்கொண்டதும் அவளைத் தங்கை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவன். ஆறுதல் சொல்ல வருகிறவர்களைக்கூட அவள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறாள். தியாகு வரம்பு மீறும்போது கன்னத்தில் அறைகிறாள். அதுவரை தமிழ் சினிமாவில் வேலைக்குப் போன பெண்கள் பெரும்பாலும் குடும்பத்துக்காகத் தேய்ந்துபோனவர்கள். மஞ்சு யாருக்காகவும் தேயவில்லை. கோபப்படுகிறாள், தவறு செய்கிறாள், பேச்சை மாற்றிக்கொள்கிறாள், தனியாக நிற்கிறாள். படம் அவளுக்கு நல்லவள் என்றும் பட்டம் கொடுக்கவில்லை, கெட்டவள் என்றும் கொடுக்கவில்லை. 1978இல் பார்வையாளர்களுக்கு இது பழக்கமில்லாத விஷயம்.

படத்தைப் பற்றி முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் வங்காளத்திலிருந்து வந்தவர். சென்னை வந்திருந்த இயக்குநர் மிருணாள் சென் படத்தைப் பார்த்துவிட்டுப் பாராட்டினார். இன்னொருவர் பாரதிராஜா. அவருடைய 'சிகப்பு ரோஜாக்கள்' அதே தீபாவளிக்குக் கமலை வைத்தே வந்திருந்தது. தன் படத்தோடு களத்தில் நின்ற இன்னொரு படத்துக்காக அவர் பேசினார். இவர்கள் சொன்ன பிறகுதான் ஜனங்கள் படத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய வசூல் வந்துவிடவில்லை. ஆனால் 'ஓடாத படம்' என்ற பெயருக்குப் பக்கத்தில் 'பார்க்கவேண்டிய படம்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

பெயர் நிலைத்தால் போதாது, படத்தின் உடம்பான பிலிமும் நிலைக்கவேண்டும். 35 எம்.எம். பிலிம் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டு மணி நேரப் படம் என்றால் பத்தாயிரம் அடிக்கு மேல். ஆயிரம் அடி கொண்ட ஒரு ரீல் பதினோரு நிமிடம் வரும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு ரீல்கள் தகரப் பெட்டிக்குள் அடுக்கி, பேருந்திலும் ரயிலிலும் ஊர் ஊராகப் போகும். நகரத்துக் கொட்டகையில் ஓடிக் கீறல் விழுந்த பெட்டிதான் பிறகு சிற்றூருக்கும் டூரிங் டாக்கீஸுக்கும் வரும். அங்கே ஒரே புரொஜக்டர் இருந்தால், ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள். முறுக்கு விற்பவர் ஒரு சுற்று வருவார்.

அந்தக் காலத்து ஈஸ்ட்மேன் கலர் பிரிண்டுகளில் பல பிறகு சாயம் போய்ச் செந்நிறமாகிவிட்டன. வண்ணம் என்பது அவற்றில் வெறும் சாயம். கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்குவது வெள்ளித் துகள். ஒழுங்காகக் கழுவி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்தால் அது நெடுங்காலம் இருக்கும். அதே வெள்ளிதான் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு எமனாகவும் வந்தது. வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகப் பழைய பிரிண்டுகளை எடைக்குப் போட்டார்கள். தமிழின் முதல் பேசும் படமான 1931ஆம் ஆண்டு 'காளிதாஸ்' இன்று நம்மிடம் இல்லை. அதற்கும் முன்னால் நடராஜ முதலியார் எடுத்த ஊமைப்படம் 'கீசக வதம்' இல்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் வந்தது. பாதுகாக்கும் எண்ணமே அவ்வளவு தாமதமாக வந்த நாட்டில், ஓடாத ஒரு படம் தப்பிப் பிழைக்க, அதை வேண்டும் என்று கேட்பவர்கள் இருந்துகொண்டே இருக்கவேண்டும்.

'அவள் அப்படித்தான்' படத்துக்கு அப்படிக் கேட்பவர்கள் இருந்தார்கள். கொட்டகைக்குப் போகாதவர்கள் வீட்டுக்குப் பாட்டுதான் முதலில் தூது போனது. மூன்றே பாடல்கள். ஒன்றை யேசுதாஸ் பாடினார், ஒன்றை ஜானகி, ஒன்றைக் கமலே பாடினார். வானொலியிலும் கேசட்டிலும் பாட்டைக் கேட்டவர்கள் "இது எந்தப் படம்?" என்று கேட்டார்கள். பிறகு சென்னைத் தொலைக்காட்சியின் ஞாயிற்றுக்கிழமைப் படம், வாடகைக்கு டெக் எடுத்துப் பார்த்த இரவுகள், திரைப்படச் சங்கங்களின் மடக்கு நாற்காலிகள். 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்தபோது, பழைய தமிழ்ப் படம் என்பது மளிகைக் கடை வாசலில் தொங்கும் பொருளாகிவிட்டது. எது எந்த ஆண்டு வந்தது, யார் எடுத்தது என்று சந்தேகம் வந்தால் பிலிம் நியூஸ் ஆனந்தனைக் கேட்பார்கள். தமிழ்ப் படங்களின் விவரங்களை வாழ்நாள் முழுக்கச் சேர்த்துவைத்த மனிதர், 2016இல் மறைந்தார்.

இந்தப் படம் இப்படிக் கைமாறிக்கொண்டிருந்த காலத்தில், அதைக் கடைசியில் தாங்கப்போகும் கருவியும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014இல் மூடப்பட்டது. அங்கே செய்த போன்களில் பெரும்பாலானவற்றில் பேசலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம். அதற்குமேல் அதிகம் கேட்க முடியாது. அடுத்து வந்த தலைமுறைப் போன் சினிமாக் கொட்டகையையே உள்ளங்கைக்குக் கொண்டுவந்தது. அதையும் இதே வட்டாரத்தில்தான் பெண்கள் பொருத்துகிறார்கள். 2024 ஆகஸ்ட் 17ஆம் தேதி போன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் நிறுவனத்தில் வேலை செய்யும் பெண்களுக்காக 706.50 கோடி ரூபாய்ச் செலவில் கட்டிய குடியிருப்பு வல்லம் வடகால் சிப்காட்டில் திறக்கப்பட்டது. 13 தொகுதிகள், தொகுதிக்கு 240 அறைகள், அறைக்கு 6 பேர். மொத்தம் 18,720 பெண்கள் தங்கலாம். மாவட்டத்துக்கு ஒருத்தி, ஊருக்கு ஒருத்தி என்று வந்து ஒரே அறையில் படுக்கை விரிக்கும் இடம் அது.

என் ஒன்றுவிட்ட அக்கா மகள் ஒருத்தி செய்யாறு பக்கத்திலிருந்து வந்து அந்த வட்டாரத்தில் வேறொரு விடுதியில் தங்கி வேலைக்குப் போகிறாள். ஒரு நாள் போன் செய்தாள். "சித்தி, பழைய படமா நல்லதா ஒண்ணு சொல்லுங்க. எங்க ரூம்ல யாரும் பாத்திருக்கக் கூடாது."

"ரஜினி, கமல் ரெண்டு பேரும் இருக்காங்க. ஆனா அவங்களுக்காகப் பாக்காதே. மஞ்சுன்னு ஒருத்தி வருவா, அவளுக்காகப் பாரு" என்று சொல்லி, யூடியூப் இணைப்பை வாட்ஸப்பில் அனுப்பினேன்.

ஒரே மூச்சில் பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது? வேலை இடத்தில் போன் கையில் இருக்காது. ஏ ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது கொஞ்சம், சாப்பாட்டு வரிசையில் கொஞ்சம், பி ஷிப்ட்காரி வந்து சேர்ந்தபிறகு இரண்டு பேர் ஒரே இயர்போனைப் பகிர்ந்துகொண்டு கொஞ்சம். டூரிங் டாக்கீஸில் ரீல் ரீலாக விட்டு விட்டுப் பார்த்ததுபோலத்தான் பார்த்து முடித்திருக்கிறார்கள். சில நாள் கழித்து மறுபடி அழைத்தாள்.

"சித்தி, அந்தக் கடைசி கார் சீனுல எங்க ரூம்ல சண்டையே வந்துடுச்சு."

படத்தின் முடிவில் அருண் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறான். சரிதா நடித்த வேடம். பெண் விடுதலை பற்றி என்ன நினைக்கிறாய் என்று காரில் மஞ்சு அவளைக் கேட்கிறாள். தனக்கு அதைப்பற்றி எதுவும் தெரியாது என்கிறாள் அவள். அதனால்தான் நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்பதுபோல மஞ்சு பதில் சொல்லிவிட்டு வழியில் இறங்கிக்கொள்கிறாள். கார் போய்விடுகிறது.

அறையில் இருந்தவர்களில் பாதிப் பேர், தெரியாமல் இருப்பதே நிம்மதி என்றார்களாம். மீதிப் பேர், மாதச் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் போன் ரீசார்ஜுக்கு யோசிக்கிற நமக்கு அந்த நிம்மதி எங்கே இருக்கிறது என்று கேட்டார்களாம். திருமணத்துக்கு நாள் குறித்துவிட்ட ஒருத்தி எதுவும் பேசாமல், அந்தக் காட்சியை மட்டும் இரண்டாவது தடவை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறாள். இத்தனையும் சொல்லிவிட்டு என் அக்கா மகள் கேட்டாள். "இந்தப் படத்தை யாரு சித்தி உங்களுக்குச் சொன்னது?"

எனக்குச் சொன்னவர் என் கல்லூரித் தமிழாசிரியை. அவருக்குச் சொன்னவர் அவர் கணவர். அவரோ மிருணாள் சென் பாராட்டிய செய்தியைப் படித்துவிட்டுப் படம் பார்க்கப் போனவர். மிருணாள் சென்னுக்கும் வல்லம் வடகாலுக்கும் நடுவே நாலைந்து கைகள்தான். செயலிகள் இன்று ஒவ்வொரு படத்துக்கும் கீழே இன்னும் பத்துப் படங்களை நீட்டுகின்றன. நாம் ஏற்கெனவே பார்த்ததை வைத்து அவை கணக்குப் போடுகின்றன. என் அக்கா மகள் அதுவரை பார்த்த எதிலும் மஞ்சு போன்ற ஒருத்தி இல்லை. எந்தக் கணக்கும் இந்தப் படத்தை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்காது. அவளைத் தெரிந்த ஒருவரால்தான் முடிந்தது. படத்தை யார் சொன்னது என்று தெரிந்ததால்தான் பார்த்துவிட்டு வந்து சண்டை போடவும் ஓர் ஆள் இருந்தது.

இப்போது அந்த அறைக்கு ஒரு பட்டியல் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்ததாக கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை'யைச் சொன்னேன். 1974இல் வந்த அந்தப் படத்தில் சுஜாதா சம்பாதித்து ஒரு குடும்பத்தையே சுமக்கிறாள். அதையும் மஞ்சுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பிறகு மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்', 1979. அதற்குப் பிறகு பாட்டே இல்லாத தமிழ்ப் படம் என்று பெயரெடுத்த, வீணை எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்', 1954. இவற்றில் எதையும் 'கிளாசிக்' என்ற ஒற்றைச் சொல்லோடு நான் அனுப்புவதில்லை. அந்தச் சொல் பார்ப்பவரைப் பயமுறுத்தும், அல்லது தூங்கவைக்கும். ஒரு பாத்திரத்தையோ ஒரு காட்சியையோ சொல்லி, அது உனக்கு ஏன் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

ருத்ரய்யா இதற்குப் பிறகு 1980இல் 'கிராமத்து அத்தியாயம்' எடுத்தார். அத்தோடு சரி. 2014 நவம்பரில் காலமானார். இரண்டே படம் எடுத்த ஒருவரைத் தமிழ் சினிமா மறந்துபோக எல்லா வாய்ப்பும் இருந்தது. மறக்கவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் பார்வையாளர்கள்தான்.

ஒரு படம் இணையத்தில் இருப்பதாலேயே பத்திரமாக இருக்கிறது என்று நாம் நம்பிவிடக்கூடாது. கீறலும் மங்கலுமாக ஏறிய பிரதிகள்தான் அங்கே நிறைய. எஞ்சியிருக்கும் நெகட்டிவ்களையும் பிரிண்டுகளையும் தேடி எடுத்து, சுத்தம் செய்து, நல்ல தரத்தில் பதிந்துவைப்பது அரசும் தயாரிப்பாளர்களும் காப்பகங்களும் செய்யவேண்டிய வேலை. அந்த வேலையைக் கேட்டு வாங்க, இந்தப் படங்கள் எங்களுக்கு வேண்டும் என்று சொல்லும் புதிய பார்வையாளர்கள் வேண்டும். அவர்களில் பலர் இன்று ஓரகடம் சாலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு நல்ல படத்தின் பெயரைச் சொல்வதற்குக் காசு செலவில்லை. உங்களுக்கு அப்படி ஒரு பெயர் தெரிந்திருந்தால், இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.