இருமல் நின்றதும் குளிசையும் நின்றால்...

இன்று கொஞ்சம் வரலாறு.

ஒரு காலத்தில் காசநோய் வந்தால் குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் சனட்டோரியத்தில் படுத்திருக்க வேண்டும். இந்தியாவிலோ நோயாளிகள் இலட்சக்கணக்கில், கட்டில்கள் கொஞ்சம்.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் டொக்டர் வாலஸ் ஃபொக்ஸ் தலைமையில் ஓர் ஆய்வு தொடங்கியது. 193 ஏழை நோயாளிகள். ஒரு பகுதியினர் சனட்டோரியத்தில், மற்றவர்கள் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே. எல்லோருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். 1959இல் முடிவு வெளியானது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். உடம்பு தேறியதும் பலர் குளிசையை விட்டுவிடுவார்கள். அதனால் ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் குளிசைகளை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். பின்னர் நடந்த ஓர் ஆய்வில் வாரம் இரு தடவை, ஊழியரின் கண் முன்னே மருந்து கொடுத்தார்கள். நல்ல பலன் கிடைத்தது. 1990களில் உலக சுகாதார ஸ்தாபனம் பரப்பிய 'டொட்ஸ்' முறையின் வேர் இதுதான். இன்று மாத்தளையில் காசநோய்க்கு மருந்து எடுப்பவருக்கும் அதே முறைதான். இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம், வீட்டாருக்கும் ஆபத்து.

சீனி, பிரஷர் குளிசைக்கும் இந்தப் பாடம் பொருந்தும். மறந்தவரை ஏசிப் பயனில்லை. டொக்டர் சொன்ன நேரத்தை சுபஹ் தொழுகை, இராச் சாப்பாடு போல நாள் தவறாத ஒன்றோடு சேர்த்துவிடுங்கள். உம்மா, வாப்பாவின் குளிசையை எண்ணிப் பார்க்க வீட்டில் ஒரு பிள்ளையைப் பொறுப்பாக்குங்கள்.