கிண்டி ரேஸும் குதிரை முதுகில் ஏற்றிய ஈயமும்



கிண்டி ரேஸ் கோர்ஸைப் பற்றி எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். அங்கே குதிரைப் பந்தயம் தொடங்கியது 1777-ல். மூன்றே ஆண்டில், 1780 செப்டம்பரில், நம் காஞ்சிக்குப் பக்கத்துப் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலி படை நொறுக்கியது. அப்படிப்பட்ட காலத்திலும் வெள்ளைக்காரனுக்குப் பந்தய ஆசை விடவில்லை! மெட்ராஸ் ரேஸ் கிளப் உருவானது 1896-ல்.

பந்தயங்களில் ஒரு வகைக்கு 'ஹேண்டிகேப்' என்று பெயர். வகுப்பில் கேட்பது போலக் கேட்கிறேன்: எந்தக் குதிரை வேகமானது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் யார் பணம் கட்டுவார்கள்? அதனால் வேகமான குதிரைக்கு அதிக எடை, மெதுவானதற்குக் குறைந்த எடை. ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தில் ஈயத் தகடு செருகுவார்கள். ஓடுவதற்கு முன்பும் பின்பும் ஜாக்கியைத் தராசில் நிறுத்துவார்கள். இங்கிலாந்தில் 1791-லேயே ஆஸ்காட்டில் இப்படி ஒரு பெரிய பந்தயம் நடந்தது. பிறகு 1855-ல் அட்மிரல் ரௌஸ் என்பவரை எடை நிர்ணயிக்கும் அதிகாரியாகவே நியமித்தார்கள். எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும் என்பதுதான் அந்த அதிகாரியின் லட்சியம். அந்த முறைதான் கிண்டிக்கும் வந்தது.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் தறி நெய்த ஒருவர், கூலி கைக்கு வந்ததும் கிண்டிக்குப் பஸ் ஏறிவிடுவார். திரும்பி வர டிக்கெட்டுக்குக் கடன் கேட்பார். அவர் வீட்டில் தறிச் சத்தம் ஓயவே இல்லை. அடகுக்கடைச் சீட்டுதான் கூடிக்கொண்டே போனது.

இப்படிப் பல வீடுகள். 1974-ல் கலைஞர் அரசு பந்தயத்தைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. 1986-ல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே எடுத்துக்கொள்ளச் சட்டம் போட்டது. இரண்டு சட்டங்களின் வழக்கும் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 ஜனவரியில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்று தீர்ப்பு வந்தது. எடுத்துக்கொள்ளும் சட்டமும் செல்லாது என்றாகிவிட்டது.

தீர்ப்பை மதிக்கிறேன். குதிரைக்குத் திறமை வேண்டும், ஜாக்கிக்கும் வேண்டும். பணம் கட்டுகிறவரும் குதிரையின் பழைய ஓட்டங்களைப் படித்துக் கணக்குப் போடுகிறார், உண்மைதான். ஆனால் அதே ஓட்டங்களைப் படித்துத்தான் அதிகாரியும் எடை வைக்கிறார், எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று யாருக்கும் தெரியாதபடி! ரேஸ் புக்கோடு உட்கார்ந்திருக்கும் நெசவாளி அவரை எங்கே ஜெயிப்பது?

கடைசியில் பந்தயத்தை மடக்கியது சூதாட்டச் சட்டம் அல்ல, வாடகை. 1945-ல் 160 ஏக்கர் அரசு நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா. பிற்பாடு அரசு வாடகையை உயர்த்தியது. பாக்கி 730 கோடிக்கு மேல் என்று சொல்லி, 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தார்கள். கிளப் நீதிமன்றம் போனது.

அந்தக் கால ரேஸ் புக் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், எடை போட்டிருக்கும் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது.