பூநாரை போன பிறகு

விருந்தாளிகளை எப்போது அழைத்து வரலாம் என்று கேட்டால் நம்மூரில் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: தை மாதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பி, பூநாரைகள் கூட்டம் கூட்டமாக இறங்கியிருக்கும். இறாலும் நண்டும் மலிந்து கிடக்கும். பங்குனி பிறந்துவிட்டால் தண்ணீர் வற்றும், முகத்துவாரத்தில் மணல் ஏறும், பறவைகள் கிளம்பிவிடும். சித்திரை வெயிலில் இங்கே யார் வருவார்கள்?

எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். என் தம்பி மகன் பிரான்சில் கிரெனோபிள் நகரத்தில் இருக்கிறான். அவன் மாமனார் மாமியார், அதாவது எங்கள் சம்பந்திகள், குவாதலூப் தீவுக்காரர்கள். பேரப்பிள்ளைகளுக்கு ஏப்ரலில்தான் பள்ளி விடுமுறை. மற்ற வருடங்களில் அந்த விடுமுறைக்குச் சொந்தபந்தங்களோடு ஆல்ப்ஸ் மலைக்குப் போய், மிச்சமிருக்கும் பனியில் சறுக்கி விளையாடுவார்களாம். பருவக் கடைசியில் பனி இளகி அடியிலிருக்கும் கல்லும் புல்லும் தெரியும் என்றாள் மருமகள். நம் ஏரியும் அப்படித்தான். தண்ணீர் இறங்கினால்தான் அடி தெரியும்.

சம்பந்திக்குத் தமிழ் தெரியாது. எனக்கோ சிறு வயதில் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த படிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. ஆகவே ஊர் சுற்றிக் காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் நாள் காலையிலேயே அவர் கேட்ட கேள்வி இதுதான்: "எங்கள் பாட்டனார்களை இந்தக் கரையிலிருந்துதான் கப்பல் ஏற்றினார்களா?"

இல்லை என்றேன். உங்களவர்கள் போனது புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும். இங்கிருந்தும் போனார்கள், ஆனால் அவர்கள் வேறு, காலமும் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுகிறவர்கள் நம்மிலேயே பலர் இருப்பதால் அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

ஒல்லாந்தர் இங்கே வந்தது முதலில் துணிக்காக. கிராம்பும் ஜாதிக்காயும் விளையும் கீழைத் தீவுகளில் சோழமண்டலத் துணிக்கு நல்ல கிராக்கி. துணியைக் கொடுத்தால் வாசனைச் சரக்கு கிடைக்கும். 1610இல் விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்றுப் பண்டகசாலை வைத்தார்கள். 1612இல் சாந்தோமிலிருந்து போர்ச்சுகீசியர் வந்து அதை அழித்தார்கள். 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. வெடிமருந்தும் இங்கே தயாராகி அவர்களுடைய மற்ற கோட்டைகளுக்குப் போயிற்று. நம்மூரின் பெயரைத் துணி உலகெங்கும் கொண்டு போனது. பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரை 'பலியாகாத்' என்றார்கள். அவர்களுடைய வணிகத்தில் 'பலியாகாத் கைக்குட்டை' என்றே ஒரு சரக்கு உண்டு. நாம் கட்டும் பாலையகாட் கைலியிலும் அதே பெயர்தான் இருக்கிறது. குவாதலூப்பில் பெண்கள் விசேஷ நாட்களில் தலையில் கட்டும் கட்டம் போட்ட துணிக்கு 'மத்ராஸ்' என்று பெயர். கைலி விற்கும் கடையில் அந்தக் கட்டங்களைப் பார்த்ததும் சம்பந்தியம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது.

துணிக்கு அடுத்தபடியாகப் போன சரக்கைப் பற்றித்தான் நாம் பேசுவதில்லை. ஒல்லாந்தர் 1619இல் ஜாவாவில் பட்டேவியா நகரத்தை அமைத்தார்கள். 1621இல் அவர்களுடைய தளபதி கூன் ஜாதிக்காய் விளையும் பண்டா தீவுகளைப் பிடித்தான். அங்கிருந்த ஜனங்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள் அல்லது துரத்தப்பட்டார்கள். தோட்டம் இருந்தது, வேலை செய்ய ஆள் இல்லை. நகரம் கட்டவும் ஆள் வேண்டும். அந்த ஆட்கள் இந்தக் கரையிலிருந்தும் போனார்கள். 1622-23இல் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து ஏறத்தாழ 2,000 பேர் அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள். பிறகு பஞ்சமும் போரும் வந்த போதெல்லாம் இந்த வியாபாரம் சூடு பிடித்தது. பசியில் தன்னையே விற்றவர்கள் உண்டு, பிள்ளையை விற்றவர்கள் உண்டு, பிடித்து வரப்பட்டவர்களும் உண்டு. 1690இல் ஒல்லாந்தரின் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

கோட்டை இருந்த இடத்தில் இன்று புதர்தான். தொல்லியல் துறை பாதுகாக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு மாலையில் போனோம். வாசலில் இருக்கும் எலும்புக்கூடு சிற்பங்களைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். உள்ளே அகன்ற கற்பலகைகளில் பெயர், பதவி, இறந்த தேதி, குடும்பச் சின்னம் எல்லாம் அழகாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. முந்நூறு வருட உப்புக்காற்றுக்குப் பிறகும் பல எழுத்துகளைப் படிக்க முடிகிறது. சம்பந்தி ஒரு கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "விற்றவர்களுக்குக் கல் இருக்கிறது. விற்கப்பட்டவர்களுக்கு?" என்றார்.

கம்பெனிக் கணக்கில் அவர்கள் பெரும்பாலும் தலை எண்ணிக்கைதான், ஐயா என்றேன்.

இங்கேதான் அவருடைய முன்னோர் கதை வேறுபடுகிறது. பிரெஞ்சு அரசு தன் தீவுகளில் அடிமைமுறையை ஒழித்தது 1848இல். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டதால் ஒப்பந்தக் கூலிகளைக் கூட்டிப் போனார்கள். முதல் கப்பல் 'ஒரேலி' 1854 டிசம்பரில் குவாதலூப் சேர்ந்தது. 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் போனார்கள். பட்ட பாட்டைப் பார்த்தால் அடிமைக்கும் கூலிக்கும் தூரம் அதிகமில்லை. ஆனாலும் கூலியாகப் போனவனுக்கு ஒரு காகிதம் இருந்தது. பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், ஒரு எண். அந்தக் காகிதம் இருந்ததால்தான் பிறகு வழக்கும் போட முடிந்தது. ஹென்றி சிதம்பரம் என்பவர், அங்கே அவர் பெயரை 'சிதம்பரோம்' என்பார்கள், குவாதலூப்பில் பிறந்த இந்தியரின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு 1904 முதல் போராடி 1923இல் வென்றார்.

என் உத்தியோக காலத்தில் பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளிலிருந்து நகல் எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு நிறைய உண்டு. காதில் விழுந்தபடி எழுதப்பட்ட தமிழ்ப் பெயர்கள் அவை. சம்பந்தி அன்றிரவு தன் பையிலிருந்து ஒரு நகலை எடுத்தார். கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் பெயர் 'வெங்கதசலோம்' என்றிருந்தது. "வேங்கடாசலம்" என்று வாசித்தேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பேரனைக் கூப்பிட்டு அவனையும் சொல்ல வைத்தார். நாலு தலைமுறையாக அந்த வீட்டில் யாரும் அதைச் சரியாக உச்சரித்ததில்லை.

மறுநாள் பிள்ளைகள் படகு கேட்டார்கள். நான் ஒப்பவில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று உல்லாசமாகப் படகேறியவர்களில் 22 பேர் இந்த ஏரியில் போனதை நாம் மறக்க முடியாது. பாலத்தின் மேல் நின்றே பார்த்தோம். கூட்டம் போய்விட்டது. சேற்றில் நாலைந்து இளம் பூநாரைகள், இன்னும் சாம்பல் நிறம் மாறாதவை, அலகைத் தலைகீழாக நீரில் விட்டு அரித்துக்கொண்டிருந்தன. தூரத்தில் இருளர் பெண்கள் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பட்டினவர் குப்பங்களின் பாட்டு முறையைப் பற்றியும் சொன்னேன். எந்த இடத்தில் எவன் வலை வைப்பது என்று பெயர்களைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வது. அதில் இருளர் பெயர் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். பட்டியலில் பெயர் இருப்பதும் இல்லாததும் ஏரிக்கரையில் இன்றைக்கும் சோற்றுக் கணக்குதான்.

இதைப் படிப்பவர்களில் பலர் என் வயதுக்காரர்கள். உங்கள் வீடுகளிலும் ரங்கூனுக்கோ பினாங்குக்கோ போய்த் திரும்பாதவர்கள் இருப்பார்கள். அவர்கள் பெயர், தகப்பன் பெயர், ஊர், போன வருடம், இவ்வளவையும் ஒரு நோட்டில் தமிழில் எழுதி வையுங்கள். நினைவில் இருப்பது நம்மோடு போய்விடும். என்றைக்காவது எந்தக் கரையிலிருந்தோ ஒரு பிள்ளை, பருவம் தப்பி வந்து, அந்தப் பெயரைக் கேட்கும்.