சுன்னாகம்: சுண்ணாம்புப் பாறையும் எண்ணெய் கலந்த கிணறுகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை, கிணறே ஆதாரம். சுன்னாகத்தில் மெல்லிய செம்மண்ணின் கீழே மயோசீன் காலச் சுண்ணாம்புப் பாறை உள்ளது. அதன் வெடிப்புகளும் துளைகளும் கழிவை வடிகட்டுவதில்லை. அனல் மின்நிலையக் கழிவெண்ணெய் அவற்றின் வழியே நிலத்தடி நீரை அடைந்தது. எண்ணெய் நீரின்மேல் மிதக்கும். அதிலுள்ள பென்சீன் போன்றவை கரைந்து நீரோட்டத்துடன் நகரும். எனவே படலம் தெரியாத கிணற்றையும் ஆய்வின்றித் தூயதென நாம் ஏற்பதற்கில்லை. பொதுக்கிணற்றில் நீரள்ளும் உரிமையைச் சாதி மறுத்த மண்ணில், சொந்தக் கிணறு கெடுவது சிறிய இழப்பன்று. 2019 ஏப்ரல் 4 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம், 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்னும் கோட்பாட்டின்படி, நார்தர்ன் பவர் நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. பெறுவோர் 500 பேருக்கு மிகாமல். ஒருவருக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். ஒரு கிணற்றின் விலையாக இது மிகக் குறைவென்றே நாம் கருதுகிறோம்.